போஸ்ட்கிரெஸ் குவெரி ஏன் இழுக்கிறது? வெப் அப்ளிகேஷனில் தேடலை வேகப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

20 பதிவுகளைத் தருவதற்காக ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) 40 லட்சம் பதிவுகளைப் படிக்கிறது என்றால், சர்வரை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் அது அந்த 40 லட்சத்தையும் படிக்கத்தான் போகிறது. எத்தனை படித்தது, எத்தனை கொடுத்தது: தேடல் வேகம் பற்றிய வேலை பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. பெரிய சர்வரும் ரெடிஸ் கேஷும் (பதில்களை மெமரியில் எடுத்து வைப்பது) கடைசியில் பேச வேண்டியவை.

இங்கே சொல்வதெல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 13-ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தையவையும் சார்ந்தது. இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் வேறுபடும் ஓரிரு இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறோம். உதாரணத்துக்கு ஓர் ஆன்லைன் கடையின் ஆர்டர்ஸ் டேபிளை எடுத்துக்கொள்வோம்: 50 லட்சம் பதிவுகள், ஐடி, கஸ்டமர்_ஐடி, ஸ்டேட்டஸ், க்ரியேட்டட்_அட், டோட்டல் என்று புலங்கள்.

1. எந்தக் குவெரி என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இதற்கு பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் போதும். கான்ஃபிக் ஃபைலில் ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரீஸ் என்ற இடத்தில் அதன் பெயரைச் சேர்த்து, டேட்டாபேஸ் சர்வரை ரீஸ்டார்ட் செய்து, பிறகு க்ரியேட் எக்ஸ்டென்ஷன் கட்டளையை ஓட்ட வேண்டும். ரீஸ்டார்ட் செய்யாமல் வெறும் ரீலோட் செய்தால் வேலை செய்யாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு நாள் முழுக்க ட்ராஃபிக் ஓடிய பிறகு, அந்த எக்ஸ்டென்ஷன் அதே பெயரில் தரும் வியூவை டோட்டல்_எக்ஸெக்_டைம் புலத்தின்படி இறங்குவரிசையில் பாருங்கள். சராசரி நேரத்தைக் காட்டும் மீன்_எக்ஸெக்_டைம் புலத்தின்படி வரிசைப்படுத்துவது பொதுவான தவறு. மணிக்கு 10 முறை ஓடும் 4 செகண்ட் ரிப்போர்ட் 40 செகண்டைத்தான் தின்கிறது. மணிக்கு 2 லட்சம் முறை ஓடும் 3 மில்லிசெகண்ட் குவெரியோ 600 செகண்டைத் தின்கிறது. சராசரிப் பட்டியலில் இரண்டாவது கண்ணிலேயே படாது. மேலே வரும் முதல் ஐந்தாறு குவெரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருப்பவற்றைத் திருத்துவதால் பெரிதாக எதுவும் மாறாது.

கூடவே லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் அமைப்பை 250 மில்லிசெகண்டுக்கு வையுங்கள். இதன் இயல்பு மதிப்பு -1, அதாவது எதையும் எழுதாது. இதற்கு ரீலோட் போதும். பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் மதிப்புகளை மறைத்துக் குவெரியின் வடிவத்தை மட்டும் வைத்திருக்கும். எந்த கஸ்டமருக்கு இழுத்தது என்பது லாகில்தான் தெரியும். அந்த உண்மையான மதிப்பு அடுத்த படிக்கு அவசியம்.

2. பிளானைப் படியுங்கள்

குவெரியை எப்படி ஓட்டுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டம்தான் பிளான். அதைப் பார்க்க, குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளைன் சேர்த்து, அனலைஸ், பஃபர்ஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களையும் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் 18-இல் அனலைஸ் கேட்டாலே பஃபர்ஸ் கணக்கும் வந்துவிடும். முந்தைய பதிப்புகளில் தனியாகக் கேட்க வேண்டும். அனலைஸ் என்றால் குவெரி உண்மையிலேயே ஓடும் என்பதை மறக்காதீர்கள். அப்டேட், டெலீட் குவெரிகளை பிகின், ரோல்பேக் (மாற்றங்களை ரத்து செய்வது) இரண்டுக்கும் நடுவில்தான் இப்படிச் சோதிக்க வேண்டும்.

உங்கள் லேப்டாப்பில் 200 பதிவுகள் உள்ள டேபிளில் சோதித்துப் பயனில்லை. அத்தனை சிறிய டேபிளுக்கு இண்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல்) இருந்தாலும் பிளானர் (பிளானைப் போடும் பகுதி) முழு டேபிளையே படிக்கும், அது சரியும்கூட. நிஜப் பயனர்கள் இருக்கும் சர்வரின் அளவுக்கு நிகரான டேட்டா வேண்டும்.

பிளானில் நான்கு இடங்களைப் பாருங்கள்.

"ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்" என்ற வரி, படித்துவிட்டுத் தூக்கி எறிந்த பதிவுகளின் எண்ணிக்கை. இது லட்சங்களில் இருந்து, கடைசியில் கிடைத்தது இருபது என்றால் நோய் அங்கேயே தெரிந்துவிட்டது.

பிளானர் மதிப்பிட்ட பதிவு எண்ணிக்கையும் உண்மையில் வந்ததும் பத்து மடங்குக்கு மேல் விலகினால், பிரச்சினை இண்டெக்ஸில் இல்லாமல் புள்ளிவிவரத்தில் இருக்கலாம். அதை 6-ஆம் படியில் பார்ப்போம்.

"பஃபர்ஸ்" வரியில் ஹிட் என்பது போஸ்ட்கிரெஸின் மெமரியில் கிடைத்த பிளாக்குகள், ரீட் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்தவை. ஒரு பிளாக் 8 கேபி. 50,000 பிளாக்குகள் என்றால் கிட்டத்தட்ட 400 எம்பி. இருபது ஆர்டர்களைக் காட்ட அவ்வளவு தேவையே இல்லை. மில்லிசெகண்டைவிட இந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். இரண்டாம் முறை ஓட்டும்போது கேஷ் சூடாகி நேரம் குறைந்துவிடும். ஹிட்டையும் ரீடையும் கூட்டினால் வரும் எண் அநேகமாக அப்படியே இருக்கும்.

கடைசியாக "லூப்ஸ்". பிளானின் ஒரு கணுவில் (ஒரு படியில்) காட்டும் நேரமும் பதிவு எண்ணிக்கையும் ஒரு சுற்றுக்கான சராசரி. 0.05 மில்லிசெகண்ட் என்று அப்பாவியாக இருக்கும் வரி 80,000 லூப்ஸ் ஓடியிருந்தால் அது 4 செகண்ட்.

3. குவெரிக்கு ஏற்ற இண்டெக்ஸ்

போஸ்ட்கிரெஸின் இயல்பான இண்டெக்ஸ் வகையான பி-ட்ரீயில் ஒரு 8 கேபி பிளாக்குக்குள் முழு எண் சாவிகள் 350-க்கு மேல் அடங்கும். ஆகவே மூன்று அடுக்குகளிலேயே 4 கோடிப் பதிவுகளைத் தாண்டிவிடலாம். நம் 50 லட்சத்தில் ஒரு பதிவைக் கண்டுபிடிக்க இண்டெக்ஸில் 3 பிளாக், டேபிளில் 1 பிளாக். டேபிள் பத்து மடங்கு வளர்ந்தாலும் அதிகபட்சம் ஓர் அடுக்கு கூடும்.

"என் ஆர்டர்கள்" திரையின் குவெரியை எடுத்துக்கொள்வோம்: கஸ்டமர்_ஐடி சமமாக இருக்க வேண்டும், க்ரியேட்டட்_அட் இறங்குவரிசையில், லிமிட் 20. பலர் இரண்டு புலங்களுக்கும் தனித்தனி இண்டெக்ஸ் போட்டு வைத்திருப்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. 20 பதிவுகள்தானே வேண்டும் என்று பிளானர் க்ரியேட்டட்_அட் இண்டெக்ஸைப் பின்னாலிருந்து படிக்கத் தொடங்கலாம். தினமும் வாங்குபவருக்கு அது உடனே முடிந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன்பு இரண்டே ஆர்டர் போட்டவருக்கோ, இருபது கிடைக்கும்வரை தேடித் தேடி இண்டெக்ஸ் முழுவதையும் முடித்துவிடும். ஒரே குவெரி சிலருக்கு 1 மில்லிசெகண்ட், சிலருக்குப் பல செகண்ட் என்று புகார் வந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

தீர்வு (கஸ்டமர்_ஐடி, க்ரியேட்டட்_அட்) என்ற கூட்டு இண்டெக்ஸ். அந்த கஸ்டமரின் பதிவுகள் நேர வரிசையிலேயே அடுத்தடுத்து இருப்பதால், 20 எடுத்ததும் நின்றுவிடும். சார்ட் செய்யும் வேலையும் இல்லை. இண்டெக்ஸ் வரையறையில் இறங்குவரிசைக்கென்று தனியாக 'டெஸ்க்' என்ற சொல்லைப் போட வேண்டியதில்லை, பி-ட்ரீயைப் பின்னோக்கியும் படிக்கலாம். ஒரு புலம் ஏறுவரிசையும் இன்னொன்று இறங்குவரிசையுமாகக் கலந்து கேட்டால்தான் அது அவசியம்.

புலங்களின் வரிசை முக்கியம். வாக்காளர் பட்டியல் பாகம், தெரு, வீட்டு எண் என்று அடுக்கப்பட்டிருக்கிறது. வீட்டு எண் மட்டும் தெரிந்தால் எல்லாப் பாகங்களையும் புரட்ட வேண்டியதுதான். கூட்டு இண்டெக்ஸும் அப்படித்தான். சமம் என்று கேட்கும் புலங்கள் முன்னால், வீச்சாகவோ வரிசையாகவோ கேட்கும் புலம் பின்னால். போஸ்ட்கிரெஸ் 18-இல் வந்த ஸ்கிப் ஸ்கேன், முன்புலத்தில் மதிப்புகள் மிகச் சிலவாக இருக்கும்போது அதைத் தாண்டிக் குதித்துப் படிக்கும். அதை நம்பி வரிசையை அலட்சியப்படுத்த வேண்டாம்.

ஸ்டேட்டஸ் போன்ற புலத்துக்குத் தனி இண்டெக்ஸ் போடுவது பெரும்பாலும் வீண். 50 லட்சத்தில் 49 லட்சம் "டெலிவர்ட்" என்றால், அந்த மதிப்புக்கு பிளானர் இண்டெக்ஸைத் தொடாது. நீங்கள் தேடுவது "பெண்டிங்" மட்டும்தான் என்றால் பகுதி இண்டெக்ஸ் போடுங்கள்: இண்டெக்ஸ் வரையறையின் முடிவிலேயே ஸ்டேட்டஸ் = 'பெண்டிங்' என்று வடிகட்டும் நிபந்தனை. சில ஆயிரம் பதிவுகளே உள்ள குட்டி இண்டெக்ஸ் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த 'பெண்டிங்' மதிப்பை ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் (மதிப்புகளுக்கு இடம்விட்டு முன்கூட்டியே தயாரித்த குவெரி) பாராமீட்டராக அனுப்பினால், சில முறை ஓடிய பிறகு போஸ்ட்கிரெஸ் பொதுப் பிளானுக்கு மாறலாம்; மதிப்பு என்னவென்றே தெரியாத பொதுப் பிளானால் பகுதி இண்டெக்ஸைப் பயன்படுத்த முடியாது. இந்த ஒரு நிபந்தனையை மட்டும் குவெரியில் நேரடியாக எழுதிவிடுங்கள்.

ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் புலம்) விஷயத்தில் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து வருபவர்கள் தவறாமல் ஏமாறுவார்கள். அங்கே இன்னோடிபி என்ற சேமிப்பு என்ஜின் ஃபாரின் கீ புலத்துக்குத் தானே இண்டெக்ஸ் போட்டுவிடும், போஸ்ட்கிரெஸ் போடாது. கஸ்டமர்ஸ் டேபிளில் ஒரே ஒரு பதிவை நீக்க ஆர்டர்ஸ் டேபிள் முழுக்கப் படிக்கப்படுகிறதென்றால் காரணம் இதுதான்.

திரையில் காட்டுவது தேதியும் தொகையும் மட்டும் என்றால், அந்தக் கூட்டு இண்டெக்ஸின் இன்க்ளூட் பகுதியில் டோட்டல் புலத்தைச் சேர்த்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் 11 முதல் இந்த வசதி உண்டு. டேபிளைத் தொடாமலே பதில் வரும், பிளானில் "இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன்" என்று தெரியும். கூடவே "ஹீப் ஃபெட்சஸ்" எண் பெரிதாக இருந்தால் டேபிள் அண்மையில் வாக்குவம் (பழைய பதிவுகளைத் துப்புரவாக்கும் வேலை) ஆகவில்லை, இன்னும் டேபிளுக்குப் போய்த்தான் சரிபார்க்கிறது என்று பொருள்.

4. ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் இண்டெக்ஸ் போடுவது

சாதாரண க்ரியேட் இண்டெக்ஸ் முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது, செக்அவுட் நின்றுவிடும். எனவே கன்கரன்ட்லி சேர்த்தே ஓட்டுங்கள். அது டேபிளை இரண்டு முறை படிக்கும், நேரம் கூடுதலாகும், ஆனால் எழுதுவது தடைபடாது.

இதை ட்ரான்சாக்ஷனுக்குள் (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) ஓட்ட முடியாது. போஸ்ட்கிரெஸில் மைக்ரேஷன் கருவிகள் (டேபிள் அமைப்பை மாற்றும் கோடை ஓட்டுபவை) இயல்பாகவே ட்ரான்சாக்ஷன் போடும். அதை நிறுத்த உங்கள் வெப் ஃப்ரேம்வொர்க்கில் இதைச் செய்யுங்கள்: ஜாங்கோவில் ஆட்இண்டெக்ஸ்கன்கரன்ட்லி ஆபரேஷனும் அடாமிக் = ஃபால்ஸும்; ரெயில்ஸில் டிசேபிள்_டிடிஎல்_ட்ரான்சாக்ஷன்!; லாராவெலில் மைக்ரேஷன் கிளாஸில் வித்இன்ட்ரான்சாக்ஷன் = ஃபால்ஸ்.

நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று டேபிளில் தங்கிவிடும். குவெரிகள் அதைப் பயன்படுத்தாது; ஆனால் ஒவ்வொரு இன்சர்ட்டும் அதற்கான சுமையைச் சுமக்கும். பிஜி_இண்டெக்ஸ் கேட்டலாகில் (போஸ்ட்கிரெஸின் உள் டேபிள்) இண்டிஸ்வேலிட் ஃபால்ஸாக இருப்பவற்றைத் தேடி நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். "இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்" போட்ட மைக்ரேஷன் இங்கே மோசமாக ஏமாற்றும்: அதே பெயரில் செல்லாத இண்டெக்ஸ் இருப்பதைப் பார்த்து, வேலை முடிந்ததென்று சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

கன்கரன்ட்லி மணிக்கணக்கில் நகராமல் நின்றால், எங்கோ ஒரு பழைய ட்ரான்சாக்ஷன் திறந்தே கிடக்கிறதா என்று பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பாருங்கள். அநேகமாக யாரோ மூடாமல் விட்ட ஒரு கன்சோல்தான்.

5. இண்டெக்ஸ் இருந்தும் தொடாமல் போவது ஏன்

புலத்தின் மேல் ஒரு ஃபங்ஷன் போர்த்தினால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. லோயர்(ஈமெயில்) என்று தேடினால், இண்டெக்ஸும் லோயர்(ஈமெயில்) என்றே இருக்க வேண்டும்.

தேதியில் இது இன்னும் சிக்கலானது. க்ரியேட்டட்_அட் புலத்தைத் தேதியாக மாற்றி ஒப்பிடாமல், இந்த நேரம் முதல் அந்த நேரத்துக்கு முன்வரை என்று வீச்சாகக் கேளுங்கள். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால், இந்திய நேரப்படி செப்டம்பர் 1 என்பது யூடிசி ஆகஸ்ட் 31, 18:30-க்குத் தொடங்கி செப்டம்பர் 1, 18:30-க்கு முடிகிறது. அந்த இரண்டு எல்லைகளையும் அப்ளிகேஷனில் கணக்கிட்டு அனுப்பினால் இண்டெக்ஸும் வேலை செய்யும், அதிகாலை ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் விழுவதும் நிற்கும்.

டேட்டா டைப் பொருந்தாமை கண்ணுக்கே தெரியாது. பிக்இன்ட் புலத்தை நியூமெரிக் மதிப்போடு ஒப்பிட்டால் போஸ்ட்கிரெஸ் புலத்தை நியூமெரிக்காக மாற்றிப் பார்க்கும், இண்டெக்ஸ் போயிற்று. சில டிரைவர்கள் பெரிய எண்களை அப்படித்தான் அனுப்புகின்றன. மைஎஸ்க்யூஎல்லில் எழுத்துப் புலமாக வைத்த மொபைல் எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாகக் கொடுத்தால் இதே கதை.

லைக் தேடலில் 'சென்%' என்று முன்பகுதி தெரிந்தாலும், டேட்டாபேஸ் கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) 'சி' என்ற வகையாக இல்லாவிட்டால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்ற வகையில் இண்டெக்ஸ் போட வேண்டும். '%சென்%' என்று நடுவில் தேட பிஜி_டிஆர்ஜிஎம் எக்ஸ்டென்ஷனும் ஜின் இண்டெக்ஸும் வேண்டும். அது மூன்று மூன்று எழுத்துக்குறிகளாக உடைத்துத் தேடுவது. ஒன்றிரண்டு எழுத்துக்குறிகளை மட்டும் கொடுத்தால் பயன் இருக்காது. தேடல் பெட்டியில் மூன்றாவது தட்டலுக்குப் பிறகே குவெரியை அனுப்புங்கள்.

தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் டேபிளில் இன்னொரு தொல்லை. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் க-வோடு ொ என்ற ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ெ, ா என்ற இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு "கொடைக்கானல்" சமமாகாது. குவெரி வேகமாகத்தான் ஓடும், பதில்தான் வராது. நுழையும் இடத்திலேயே என்எஃப்சி வடிவத்துக்கு (ஒற்றைக் குறியாக எழுதும் யூனிகோட் வடிவம்) மாற்றிச் சேமியுங்கள். பழைய டேட்டாவுக்கு போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது. பிஜி_டிஆர்ஜிஎம் தமிழைப் பிடிக்கிறதா என்று ஷோ_டிஆர்ஜிஎம் ஃபங்ஷனில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். வெற்றுப் பட்டியல் வந்தால் டேட்டாபேஸின் லோகேலைத்தான் (மொழி அமைப்பு) சந்தேகிக்க வேண்டும்.

6. புள்ளிவிவரம்

பிளானர் முடிவெடுப்பது அனலைஸ் என்ற தனிக் கட்டளை (எக்ஸ்ப்ளைனின் ஆப்ஷன் அல்ல) சேகரித்த மாதிரிப் புள்ளிவிவரத்தை வைத்து. பின்னணியில் ஓடும் ஆட்டோவாக்குவம் இதைத் தானே செய்யும். ஆனால் இயல்பு அமைப்பில் டேபிளின் 10 சதவீதம் மாறிய பிறகுதான். 50 லட்சப் பதிவுகளுக்கு அது 5 லட்சம் மாற்றங்கள். வாக்குவம் ஓட 20 சதவீதம், அதாவது 10 லட்சம். பெரிய டேபிள்களுக்கு மட்டும் ஆல்டர் டேபிள் வழியாக ஆட்டோவாக்குவம்_அனலைஸ்_ஸ்கேல்_ஃபேக்டர் அமைப்பை 0.02 ஆக்குங்கள். மொத்தமாக டேட்டாவை ஏற்றியதும் அனலைஸைக் கையால் ஓட்டிவிடுங்கள்.

ஒன்றோடொன்று பிணைந்த புலங்களில் மதிப்பீடு தவறும். மாவட்டம், பின்கோடு இரண்டையும் கேட்டால் பிளானர் இரண்டு நிகழ்தகவுகளையும் பெருக்கிவிடும். பின்கோடு தெரிந்தால் மாவட்டம் அநேகமாகத் தெரிந்ததுதான் என்பது அதற்குத் தெரியாது. க்ரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மூலம் இந்த இரண்டும் சார்ந்தவை என்று சொல்லிவிட்டு அனலைஸ் ஓட்டுங்கள்.

எஸ்எஸ்டியில் ஓடும் சர்வராக இருந்தால் ரேண்டம்_பேஜ்_காஸ்ட் மதிப்பையும் பாருங்கள். இயல்பான 4.0 சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்துக் கணக்கு, 1.1 வரை குறைப்பது வழக்கம்.

7. அப்ளிகேஷன் பக்கம்

ஒரு குவெரியும் மெதுவாக இல்லை, திரை மட்டும் மெதுவாக இருக்கிறது என்றால் குவெரிகளை எண்ணுங்கள். 20 ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கஸ்டமர் பெயருக்கு ஒரு குவெரி, பொருள்களுக்கு ஒரு குவெரி என்றால் மொத்தம் 41. டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் போய்வரும் நேரம் வேறு. என்-ப்ளஸ்-ஒன் என்று இதற்குப் பெயர். ஓஆர்எம் (டேபிள்களைக் கோடின் ஆப்ஜெக்ட்களாகத் தரும் லைப்ரரி) பயன்படுத்தும் எல்லா இடத்திலும் இது முளைக்கும். ஜாங்கோவில் ஃபாரின் கீக்கு செலக்ட்_ரிலேட்டட், பல பதிவுகள் வரும் உறவுக்கு ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட், ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ், லாராவெலில் வித். லாராவெலின் ப்ரிவென்ட்லேஸிலோடிங், ரெயில்ஸின் ஸ்ட்ரிக்ட்_லோடிங் இரண்டும் டெவலப்மென்ட் சூழலிலேயே பிழை காட்டி நிறுத்திவிடும். அவற்றை ஆன் செய்து வைப்பது, பிறகு தேடிக்கொண்டிருப்பதைவிட மேல்.

செலக்ட் நட்சத்திரம் போட்டு எல்லாப் புலங்களையும் இழுக்காதீர்கள். சுமார் 2 கேபிக்கு மேல் போகும் பதிவுகளின் நீள எழுத்துகளையும் ஜேசனையும் போஸ்ட்கிரெஸ் சுருக்கியோ, டோஸ்ட் என்ற தனி இடத்துக்கு மாற்றியோ வைக்கும். புலத்தைக் கேட்டால்தான் அதை எடுத்து விரிக்கும். பட்டியல் திரைக்கு அது எதற்கு?

8. பக்கம் பக்கமாகக் காட்டுவது

ஆஃப்செட் 1,00,000 லிமிட் 20 என்றால் 1,00,020 பதிவுகளைப் படித்து முதல் லட்சத்தை எறியும். கடைசியாகக் காட்டிய பதிவின் (க்ரியேட்டட்_அட், ஐடி) ஜோடியை வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்த ஜோடியைவிடச் சிறியவை என்று கேளுங்கள். இரண்டு புலங்களையும் அடைப்புக்குள் வைத்து ஒரே ஒப்பீடாக எழுதினால் போஸ்ட்கிரெஸ் கூட்டு இண்டெக்ஸில் நேராக அந்த இடத்துக்குப் போகும். ஐடி சேர்ப்பது கட்டாயம். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் பதிவான இரண்டு ஆர்டர்களில் ஒன்று விடுபட்டுவிடும். இதற்கு இண்டெக்ஸும் (கஸ்டமர்_ஐடி, க்ரியேட்டட்_அட், ஐடி) என்று நீளட்டும். 57-ஆம் பக்கத்துக்கு நேராகத் தாவும் வசதி போய்விடும். அதை யாரும் பெரிதாகத் தேடுவதில்லை.

"மொத்தம் 48,31,207 முடிவுகள்" என்ற வரிக்கான கவுன்ட், சில திரைகளில் பட்டியலைவிட அதிக நேரம் எடுக்கும். தோராயம் போதுமென்றால் பிஜி_கிளாஸ் கேட்டலாகின் ரெல்டியூப்பிள்ஸ் எண்ணைக் காட்டலாம். அது முழு டேபிளுக்கான மதிப்பீடு மட்டுமே.

9. கனெக்ஷனும் கேஷும்

ஒவ்வொரு கனெக்ஷனும் போஸ்ட்கிரெஸில் தனி ப்ராசஸ். மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் இயல்பு 100. அதை 1000 ஆக்காமல் நடுவில் பிஜிபவுன்சரை (சில கனெக்ஷன்களைப் பலருக்குப் பகிர்ந்து தரும் கருவி) ட்ரான்சாக்ஷன் மோடில் வையுங்கள். அந்த மோடில் செஷன் சார்ந்த செட், லிசன் கட்டளைகள், செஷன் அளவிலான அட்வைசரி லாக் சரியாக வேலை செய்யாது. ப்ரோட்டோகால் வழியே வரும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பிஜிபவுன்சர் 1.21 பதிப்பு முதல் வேலை செய்யும்.

சார்ட், ஹாஷ் வேலைகளுக்கான மெமரி வரம்பான வொர்க்_மெம் இயல்பு 4 எம்பி. பிளானில் "எக்ஸ்டெர்னல் மெர்ஜ் டிஸ்க்" என்று வந்தால் சார்ட் மெமரியில் அடங்கவில்லை. அந்தக் குவெரிக்கு மட்டும் செட் லோக்கல் மூலம் கூட்டுங்கள். சர்வர் முழுக்க 256 எம்பி வைத்தால், ஒவ்வொரு சார்ட்டும் ஹாஷும் தனித்தனியாக அவ்வளவு எடுக்கலாம். கனெக்ஷன்கள் பெருகும்போது மெமரி தீர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ரெடிஸ். அரிதாக மாறி அடிக்கடி படிக்கப்படுபவற்றுக்கு மட்டும்: வகைப் பட்டியல், முகப்புப் பக்கம். எல்லாச் சாவிகளும் ஒரே நொடியில் காலாவதியாகாமல், 300 செகண்டோடு 0 முதல் 60 வரை ஒரு சீரற்ற எண்ணைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த நொடியில் எல்லாக் கோரிக்கைகளும் டேட்டாபேஸில் வந்து விழும்.

10. தேவையற்றதை நீக்குவது

ஒவ்வொரு இண்டெக்ஸும் எழுதும்போது விலை கேட்கும். இண்டெக்ஸில் உள்ள புலம் மாறினால், பொதுவாக எல்லா இண்டெக்ஸிலும் புதிய பதிவு சேர்க்க வேண்டியிருக்கும். எந்த இண்டெக்ஸ் புலமும் மாறாமல், அதே பிளாக்கில் இடமும் இருந்தால்தான் ஹாட் அப்டேட் என்ற மலிவான வழி கிடைக்கும். அப்டேட்டட்_அட் புலத்துக்குச் சும்மா போட்டு வைத்த இண்டெக்ஸ் இந்த வழியை அடைத்துவிடுகிறது.

பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸ் வியூவில் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் 0 ஆக இருப்பவற்றைப் பாருங்கள். மாத இறுதி ரிப்போர்ட்டுக்கு மட்டும் பயன்படுவது கணக்கில் விடுபட்டுவிடாமல், குறைந்தது ஒரு மாதக் கணக்கு இருக்க வேண்டும். ரெப்ளிகாவின் (டேட்டாபேஸின் நகல் சர்வர்) கணக்கு தனி. அங்கேயும் பார்க்க வேண்டும். யூனிக், ப்ரைமரி கீ இண்டெக்ஸ்கள் 0 என்று காட்டினாலும் தொடாதீர்கள். (கஸ்டமர்_ஐடி, க்ரியேட்டட்_அட், ஐடி) போட்ட பிறகு கஸ்டமர்_ஐடிக்கு மட்டும் இருந்த பழைய இண்டெக்ஸ் பெரும்பாலும் தேவைப்படாது. அதை டிராப் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி மூலம் நீக்குங்கள்; வரையறையை மட்டும் முன்னதாக ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.